விட்சண்டே தீவுகளில் பாய்மரப் படகு விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையில் விட்சண்டே தீவுகள் இருக்கின்றன. அங்கே ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, நாமே ஓட்டிக்கொண்டு, தீவு தீவாகத் தங்கி வரலாம். இப்படி ஒரு விடுமுறை உண்டு என்று யாரிடம் சொன்னாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வருகிற பதில்கள் பலவும் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு வரும்.

விட்சண்டேன்னா அதுதான் கிரேட் பேரியர் ரீஃபா?

கிரேட் பேரியர் ரீஃப் கடல் பூங்காவின் எல்லைக்குள் வருகிறது, ஆனால் விமானத்திலிருந்து எடுத்த படங்களில் பார்க்கும் பெரிய பவளத்திட்டுகள் இங்கே இல்லை. அவை கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அப்பால் நடுக்கடலில் இருக்கின்றன. விட்சண்டே என்பது கரைக்கும் அந்தத் திட்டுகளுக்கும் இடையில் இருக்கும் 74 தீவுகளின் கூட்டம். பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது மூழ்கிய மலைகளின் உச்சிகள்தான் இந்தத் தீவுகள். அதனால்தான் காடும் குன்றுமாக உயரமாக நிற்கின்றன. ஒவ்வொரு தீவையும் ஒட்டி ஓரப் பவளத்திட்டு இருக்கிறது. நாம் நீந்திப் பார்ப்பது இதைத்தான்.

1770 ஜூனில் இந்த நீர்வழியே போன ஜேம்ஸ் குக் வைத்த பெயர் விட்சண்டே. அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே இங்கே மரப்பட்டைப் படகுகளில் தீவு விட்டுத் தீவு போய் வாழ்ந்தவர்கள் ங்காரோ மக்கள். ஹுக் தீவின் நாரா இன்லெட்டில் அவர்களுடைய குகை ஓவியங்களை இன்றும் பார்க்கலாம். படகை நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் ஏறினால் போதும். எந்தப் பயணத்திலும் அதை விட்டுவிடாதீர்கள்.

லைசென்ஸே இல்லாமல் படகைக் கையில் கொடுத்துவிடுவார்களாமே?

உண்மைதான். இங்கே ஆளில்லாமல் வாடகைக்கு விடும் பாய்மரப் படகை 'பேர்போட்' என்பார்கள். அதற்குப் படகு லைசென்ஸ் கேட்பதில்லை. அதற்காகச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடவும் மாட்டார்கள். உங்கள் அனுபவத்தை எழுதித் தரச் சொல்வார்கள். புறப்படும் நாளில் சில மணி நேரம் கூடவே இருந்து இன்ஜின், பாய், நங்கூரம், ரேடியோ, கடல் வரைபடம் எல்லாவற்றையும் காட்டுவார்கள். உங்களைக் கொண்டே ஓட்டிப் பார்ப்பார்கள். திருப்தி இல்லையென்றால் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள்.

கட்டுப்பாடுகளும் உண்டு. எந்தப் பகுதி வரை போகலாம் என்று எல்லை வகுத்திருப்பார்கள். இரவில் ஓட்டக்கூடாது. பெரும்பாலான நிறுவனங்கள் மாலை 4 மணிக்குள் நங்கூரம் போட்டிருக்க வேண்டும் என்கின்றன. குறித்த நேரத்தில் ரேடியோவில் அழைத்து, எங்கே இருக்கிறீர்கள், இரவு எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். இதை யாரும் தொந்தரவாக நினைக்க வேண்டாம். "அந்த இடம் இன்று ராத்திரி சரிப்படாது, பக்கத்து வளைகுடாவுக்குப் போங்கள்" என்று அவர்கள் சொல்வது பல குடும்பங்களின் தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

எங்களில் ஒருவருக்குக்கூடப் படகு ஓட்டத் தெரியாது. வரவே கூடாதா?

தாராளமாக வரலாம். முதல் ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் வழிகாட்டியை வைத்துக்கொண்டு, கற்ற பிறகு அவரை இறக்கிவிடலாம். அல்லது பயணம் முழுக்கப் படகை ஓட்டித் தரும் ஸ்கிப்பரோடு போகலாம். கரையோர ஊரான ஏர்லி பீச்சிலிருந்து இரண்டு மூன்று நாள் கூட்டிப்போகும் பாய்மரப் படகுகளில் ஆளுக்கு ஒரு இடம் வாங்கிக்கொள்வது மூன்றாவது வழி.

தனியாக ஓட்டுவதாக இருந்தால் குறைந்தது இரண்டு பேருக்காவது வேலை தெரிந்திருக்க வேண்டும். ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் காலில் அடிபட்டுப் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பாயை ஏற்றாமல் இன்ஜினிலேயே ஊர் வந்து சேரலாம். ஆனால் நங்கூரம் எடுக்கவும், ரேடியோவில் பேசவும், வரைபடத்தில் இருக்கும் இடத்தைக் காட்டவும் இன்னொருவருக்கு நிச்சயம் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த மாசம் போனால் நல்லது?

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று விடாமல் வீசும். 20, 25 நாட் என்று நாள்கணக்கில் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். பாய் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது கொண்டாட்டம், புதியவர்களுக்குக் களைப்பு. செப்டம்பரில் காற்று தணியும், தண்ணீர் சூடேறத் தொடங்கும், திமிங்கிலங்களும் போயிருக்காது. ஜூலையில் கடல்நீர் 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும். அரைமணி நீந்தினாலே நடுங்கும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். 2017 மார்ச் 28 அன்று டெபி புயல் ஏர்லி பீச் அருகே கரையைக் கடந்தபோது, ஹாமில்டன் தீவில் மணிக்கு 263 கிலோமீட்டர் வேகம் பதிவானது. கோடையில் எல்லா வாரமும் இப்படி இருக்காது. ஆனால் அந்த மாதங்களில் முன்பதிவு செய்தால், புயலால் ரத்தானால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை நாள் எடுக்கணும்?

ஏழு இரவுகள். ஐந்துக்குக் கீழே போகாதீர்கள். முதல் நாள் படகைப் பழகுவதிலும் கடைசி நாள் திருப்பிக் கொடுப்பதிலும் போய்விடும். நடுவில் இரண்டு நாள் காற்று வலுத்தால் ஒரே வளைகுடாவில் உட்கார்ந்திருப்பீர்கள். மூன்று இரவுக்கு வந்தவர்கள் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டு அலைவார்கள், தப்பு முடிவெடுப்பதும் அவர்கள்தான்.

ஒற்றை உடல் படகா, கேட்டமரானா?

குழந்தைகள், பெரியவர்கள், முதல் முறை வருபவர்கள் என்றால் இரட்டை உடல் கொண்ட கேட்டமரான். சாயாது, இடம் அதிகம், அறைகள் தனித்தனி. அடிப்பாகம் தண்ணீருக்குள் சுமார் 1.2 மீட்டர்தான் இறங்கும், ஒற்றை உடல் படகு 2 மீட்டர் வரை இறங்கும். இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்பது நங்கூரம் பற்றிய கேள்வியில் தெரியும். வாடகை கூடுதல்தான். பாய் விரித்துச் சாய்ந்து ஓடும் சுகத்துக்காகவே வருபவர் என்றால் ஒற்றை உடல் படகை எடுங்கள்.

பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும். கடலில் ஏழு நாள் தாங்குவேனா?

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. வெளித்திட்டுகளும் தீவுகளும் பெருங்கடல் அலையைத் தடுத்துவிடுகின்றன. ஓட்டமும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான், இரவு முழுக்க வளைகுடாவில் நிற்பீர்கள். மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. கீழே அறைக்குள் போகாமல் மேலே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். சுக்கானைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

படகிலேயே கிடந்து நாள் பூரா என்ன செய்வது?

காலையில் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டு, ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணையைப் பார்த்துவிட்டு நங்கூரம் எடுப்பீர்கள். ஏர்லி பீச்சிலிருந்து நாரா இன்லெட் சுமார் 15 கடல்மைல், 5 நாட் வேகத்தில் மூன்று மணி நேரம். மற்ற இடங்கள் பலவும் அதைவிடக் கிட்டே. மதியத்துக்குள் ஓரிடத்தில் நிறுத்தி நீந்தலாம். சிட் ஹார்பரில் சாமில் கடற்கரையிலிருந்து 437 மீட்டர் உயரமுள்ள விட்சண்டே சிகரத்துக்கு ஏறலாம். மூன்று மணிவாக்கில் இரவுக்கான இடம் போய்ச் சேர வேண்டும். இந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் நாளின் முக்கியமான வேலை. பாய் விரிக்க யாரும் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார்கள். படகை எங்கே, எப்படி நிறுத்துவது என்பதில்தான் இந்த விடுமுறை நன்றாக அமைவதும் கெடுவதும் இருக்கிறது.

கரண்ட், தண்ணீர், டாய்லெட்டுக்கெல்லாம் என்ன வழி?

பேட்டரியில்தான் விளக்கும் ஃபிரிட்ஜும் ஓடும். ஓட்டம் குறைவான நாளில் காலை மாலை இன்ஜினைப் போட்டுச் சார்ஜ் ஏற்ற வேண்டும். தொட்டியில் இருக்கும் நல்ல தண்ணீர் சில நூறு லிட்டர்தான். கடலில் குளித்துவிட்டு, கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் ஒரு வாரம் வரும். நடுவில் ஹாமில்டன் தீவில் நிரப்பிக்கொள்ளலாம். கழிவுநீர் தொட்டியில் சேரும். அதை நங்கூரம் போட்ட வளைகுடாவிலோ பவளத்தின் அருகிலோ திறக்கவே கூடாது. விலகிப்போய் ஆழமான கடலில்தான்.

கழிப்பறைக்குள் உடலிலிருந்து வருவதையும் அதற்கான தாளையும் தவிர எதுவும் போகக்கூடாது. பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேஸ் அடுப்பு படகுக்குள்ளே ஆபத்தில்லையா?

ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. படகில் கசிந்தால் அடித்தளத்தில் இறங்கித் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். அதனால் ஒவ்வொரு முறை சமைத்து முடித்ததும் அடுப்புத் திருகை மட்டுமல்ல, சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். ஓடும்போது சமைக்க வேண்டாம்.

ஓதம் ஓதம்னு பயமுறுத்துகிறார்களே, அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம், இங்கே பெரிய விஷயம்தான். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே நீர்மட்டம் 3 மீட்டருக்கு மேல், சில நாள் 4 மீட்டர் அளவுக்குக்கூட மாறும். ஆறு மணி நேரத்தில் ஒரு மாடி அளவு தண்ணீர் ஏறுகிறது அல்லது இறங்குகிறது. அவ்வளவு நீரும் தீவுகளுக்கு இடையிலான சந்துகள் வழியேதான் போயாக வேண்டும். ஹுக் பாசேஜ், சோல்வே பாசேஜ் போன்ற இடங்களில் நீரோட்டம் படகின் வேகத்தையே பாதியாக்கிவிடும்.

காற்று தென்கிழக்கிலிருந்து வரும்போது நீரோட்டம் அதற்கு எதிராக ஓடினால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். அதே இடம் ஓதம் திரும்பிய பிறகு சாதுவாக இருக்கும். எனவே 'எத்தனை மணிக்குக் கிளம்பலாம்' என்ற கேள்விக்கு ஓத அட்டவணைதான் பதில் சொல்ல வேண்டும்.

நங்கூரம் எப்படிப் போடணும்? சங்கிலி எவ்வளவு விடணும்?

ஆழத்தைப் போல ஐந்து மடங்கு என்பது பொதுக் கணக்கு. எந்த நேரத்து ஆழம் என்பதில்தான் தப்பு நடக்கும். மதியம் 2 மணிக்கு, தாழ் ஓதத்தில் போய் நிற்கிறீர்கள். 5 மீட்டர் ஆழம். ஐந்தால் பெருக்கி 25 மீட்டர் சங்கிலி விட்டுவிட்டுச் சமைக்கப் போய்விட்டீர்கள். இரவு 8 மணிக்கு 3 மீட்டர் நீர் ஏறியிருக்கும். இப்போது ஆழம் 8, தண்ணீருக்கு மேலே முன்தளத்தின் உயரம் ஒன்றரை, ஆக ஒன்பதரை மீட்டர். உங்கள் 25 மீட்டர் சங்கிலி மூன்று மடங்குகூட இல்லை. இழுவை மேல்நோக்கி வரும், நங்கூரம் பெயர்ந்துவிடும். விட வேண்டியது 50 மீட்டர்.

உயர் ஓதத்தில் போய் நின்றால் ஆபத்து மறுபக்கம். 6 மீட்டர் ஆழம் தாராளமாகத் தெரியும். மூன்றரை மீட்டர் வற்றினால் மிஞ்சுவது இரண்டரை. அடிப்பாகம் 2 மீட்டர் இறங்கும் படகுக்குக் கீழே அரை மீட்டர் தண்ணீர்தான் இருக்கும். ஆகவே இரண்டு கணக்கும் போடுங்கள்: சங்கிலிக்கு உயர் ஓத ஆழம், அடிப்பாகத்துக்குத் தாழ் ஓத ஆழம். உங்கள் ஆழமானி காட்டுவது நீர்மட்டத்திலிருந்தா, படகின் அடியிலிருந்தா என்பதையும் புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

போடும் முறை எளிது. காற்றுக்கு எதிராக மெல்லப் போய் நிற்க வேண்டும். அடியில் மணலோ சேறோ என்று பார்த்து நங்கூரத்தை இறக்க வேண்டும். காற்று படகைப் பின்னே தள்ளத் தள்ளச் சங்கிலியை விட வேண்டும். முழுதும் விட்ட பிறகு இன்ஜினை ரிவர்ஸில் போட்டு இழுத்துப் பாருங்கள். சங்கிலி மேல் கை வைத்தால் தெரியும். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைத்து அசையாமல் நிற்கும், இழுபட்டால் தடதடவென்று அதிரும். அதிர்ந்தால் எடுத்து மறுபடி போடுங்கள். மூன்று முறை போட வேண்டி வந்தாலும் கூச்சப்படாதீர்கள். பக்கத்துப் படகுக்காரருக்கும் அதில் நிம்மதிதான்.

பவளத்தின் மேல் கொஞ்சம் பட்டால் என்ன? கடல் முழுக்கப் பவளம்தானே?

கொம்பு கொம்பாகக் கிளைக்கும் பவளம் ஆண்டுக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பாறை போல நிற்பது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் உயரப் பவள உருண்டைக்கு ஏறக்குறைய நூறு வயது. 50 மீட்டர் சங்கிலி காற்று திரும்பும்போதெல்லாம் அரைவட்டமாக அடியைத் தேய்த்துக்கொண்டு போகும். ஒரே இரவில் நூறு வருட வளர்ச்சியை அது உடைத்துப் போட்டுவிடும். உடைந்த துண்டுகள் அலையில் உருண்டுகொண்டே இருப்பதால் அவற்றின் மேல் புதிய பவளமும் பிடிப்பதில்லை.

நங்கூரத்துக்கும் பவளம் நல்ல பிடிமானம் இல்லை. சிக்கினால் எடுக்க முடியாது, சிக்காவிட்டால் வழுக்கும். மணலில் போடுவது பவளத்துக்கும் நல்லது, உங்கள் தூக்கத்துக்கும் நல்லது. சில வளைகுடாக்களில் கடல் பூங்கா எல்லை மிதவைகளை வைத்திருக்கிறது. அவற்றுக்கும் கரைக்கும் இடையே நங்கூரம் போடத் தடை.

நீலக் கூம்பு மிதவைகள் மிதக்கின்றனவே, அதில் கட்டிக்கொள்ளலாமா?

கட்டலாம், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நங்கூரம் பவளத்தைத் தொடாமல் இருக்க, எல்லோருக்கும் பொதுவான மிதவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணப் பட்டையும் எழுத்தும் இருக்கும். எவ்வளவு நீளப் படகு, எவ்வளவு காற்று வரை, எவ்வளவு நேரம் என்று அதிலேயே எழுதியிருக்கும். ஒரு மிதவைக்கு ஒரு படகு. பிரபலமான இடங்களில் நேர வரம்பு உண்டு. நீந்திவிட்டு அடுத்தவருக்கு விட்டுக்கொடுங்கள்.

தண்ணீருக்குள் பாறை இருப்பது எப்படித் தெரியும்?

நிறத்தைப் பார்த்துத்தான். அடர்நீலம் ஆழம், பளிச்சென்ற வெளிர்பச்சை மணல், பழுப்பு என்றால் பவளம் மேலே வந்திருக்கிறது, விலகுங்கள். இதற்கு வெயில் தலைக்கு மேலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். காலை 10 முதல் பிற்பகல் 3 வரை நன்றாகத் தெரியும். போலராய்டு கண்ணாடி போட்ட ஒருவர் முன்தளத்தில் நிற்கட்டும். மாலை வெயில் எதிரே இருந்தால் கடல் முழுக்க ஒரே வெள்ளிப் பளபளப்புதான். மாலை 4 மணி விதி எதற்கு என்பது அப்போது புரியும்.

ஸ்நார்க்கலிங்குக்கு எந்த இடம் நல்லது? எனக்கு நீச்சல் சுமார்தான்.

ஹுக் தீவின் வடபக்கம்: பட்டர்ஃபிளை பே, மொரீன்ஸ் கோவ், மாண்டா ரே பே. ஹேமன் தீவில் ப்ளூ பேர்ல் பே. தென்கிழக்குக் காற்றில் இவையெல்லாம் தீவின் மறைவில் அமைதியாக இருக்கும். வடக்குக் காற்று வந்தால் வேண்டாம்.

நீச்சல் சுமார் என்றால் மிதக்கும் நூடுல் ஒன்றைக் கைக்கடியில் வைத்துக்கொண்டு, ஜோடியாக இறங்குங்கள். ஓதம் திரும்பும் அரைமணி நேரம் நீரோட்டம் அடங்கியிருக்கும், அதுதான் உங்கள் நேரம். டிங்கியில் (படகோடு வரும் சிறு படகு) ஒருவர் கூடவே வரட்டும். நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். இவ்வளவு ஓதம் கலக்குகிற இடத்தில் சில மீட்டர் தூரம் தெரிந்தாலே நல்ல நாள். பவளத்தின் மேல் கால் ஊன்றி நிற்காதீர்கள். துடுப்புக் காலணி பட்டு உடையும் பவளம் நங்கூரத்தால் உடைவதற்குக் குறைவில்லை.

ஜெல்லி மீன் கொட்டினால் உயிரே போகுமாமே?

போகலாம், அதனால்தான் உடை முக்கியம். பெட்டி ஜெல்லியும் இருகாஞ்சியும் இந்தக் கடலில் உண்டு. அக்டோபர், நவம்பர் தொடங்கி மே வரை அதிகம், மற்ற மாதங்களில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இருகாஞ்சியின் உடல் ஒரு சென்டிமீட்டர் அளவுதான், கண்ணுக்கே தெரியாது. கொட்டும்போது லேசாகத்தான் உறுத்தும். அரைமணி கழித்து முதுகுவலி, தசைப்பிடிப்பு, வாந்தி, ரத்த அழுத்தம் என்று வரும்.

தலை முதல் கால் வரை மூடும் மெல்லிய ஸ்டிங்கர் சூட் வாடகைக்குக் கிடைக்கும். எந்த மாதமானாலும் போடுங்கள், வெயிலுக்கும் அது நல்லது. படகில் வினிகர் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே எல்லோரும் பார்த்து வையுங்கள். கொட்டிய இடத்தில் குறைந்தது 30 விநாடி வினிகரை ஊற்றி, உடனே 000 எண்ணையோ ரேடியோ 16ஆம் சேனலையோ அழையுங்கள். வலி குறைவாக இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

சுறா, முதலை?

சிட் ஹார்பரில் தண்ணீரில் இறங்காதீர்கள். 2018 செப்டம்பரில் அடுத்தடுத்து இரண்டு பேரைச் சுறா கடித்தது, அதே நவம்பரில் ஒருவர் இறந்தார். இரவு தங்க அருமையான இடம், குளிக்க மட்டும் இல்லை. எந்த வளைகுடாவிலும் மீன் கழிவையோ மிச்சச் சோற்றையோ படகிலிருந்து கொட்டாதீர்கள். விடியற்காலை, அந்தி, கலங்கிய நீர் மூன்றையும் தவிருங்கள். உப்புநீர் முதலை பெரும்பாலும் பெருநிலத்து ஆற்று முகங்களில்தான். ஆனாலும் சதுப்பு மரக் கழிமுகம் எதிலும் இறங்க வேண்டாம்.

வைட்ஹேவன் கடற்கரையில் அந்த வெள்ளை மணல் சுழிகளைப் பார்க்கணும். எப்போ போகணும்?

7 கிலோமீட்டர் நீளமுள்ள, ஏறக்குறைய முழுக்கவும் சிலிக்கா மணலான கடற்கரை அது. சுழிகள் தெரிவது வடகோடியில் ஹில் இன்லெட் மேட்டிலிருந்து, அதுவும் நீர் வற்றும் வேளையில். ஆனால் அந்த மேட்டுக்கு ஏறும் பாதை டங் பேயில் தொடங்குகிறது. அங்கே தாழ் ஓதத்தில் பவளத்திட்டு வெளியே தெரியும், டிங்கி கரைக்கு வராது. ஆக, நீர் பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது போய், மேலே ஏறிப் பார்த்துவிட்டு, முழுதும் வற்றும் முன் திரும்பிவிட வேண்டும்.

டிங்கியை மணலில் இழுத்துப் போட்டுவிட்டுப் போனால், வருவதற்குள் தண்ணீர் எங்கோ போயிருக்கும். இன்ஜினோடு சேர்த்து அதைத் தூக்குவது பெரும்பாடு. சிறு நங்கூரம் போட்டு மிதக்க விட்டுப் போங்கள். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், அடிப்பாகம் பவளத்தில் உரசாமல் நான்கு பேராகத் தூக்குங்கள்.

மீன் பிடிக்கலாமா?

இடத்தைப் பொறுத்தது. கடல் பூங்கா வண்ண மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை மண்டலத்தில் எதையும் பிடிக்கக்கூடாது. மஞ்சளில் ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு முள். 2004 முதல் பூங்காவின் மூன்றில் ஒரு பங்கு பச்சை. நீங்கள் நிற்கும் வளைகுடா எந்த நிறம் என்பதை 'ஐ ஆன் தி ரீஃப்' செயலியில் பார்க்கலாம். சிக்னல் எல்லா இடத்திலும் வராது, புறப்படும் முன்பே வரைபடத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

திமிங்கிலம் பக்கத்தில் வந்தால்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை கூனல் திமிங்கிலங்கள் குட்டி போட இங்கே வருகின்றன. அதனால் விட்சண்டேயில் 300 மீட்டருக்குள் நாம் நெருங்கக்கூடாது. அதுவாக வந்தால் இன்ஜினை நியூட்ரலில் போட்டு நில்லுங்கள். குட்டியோடு இருப்பதற்கு வழி மறிக்காதீர்கள்.

பவளம் எல்லாம் வெளுத்துச் செத்துப்போச்சாமே? போய் என்னத்தைப் பார்க்கிறது?

செய்தி பொய்யில்லை. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால், பவளம் தன் உடலுக்குள் வாழ்ந்து உணவும் நிறமும் தரும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. அதுதான் வெளுப்பு. 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024, 2025 என்று கிரேட் பேரியர் ரீஃபில் பெரிய வெளுப்புகள் நடந்திருக்கின்றன. இடைவெளி குறைந்துகொண்டே வருவதுதான் மனதை வாட்டுகிறது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பவளமும் தேறும். விட்சண்டேயில் டெபி புயலும் ஓரப் பவளத்தை நிறைய நொறுக்கியது.

இன்று போனால் உடைந்த சிதிலங்களையும் பார்ப்பீர்கள், அதன் நடுவே உள்ளங்கை அளவு இளம் பவளங்கள் முளைத்திருப்பதையும் பார்ப்பீர்கள். மீன்கள் ஏராளம். தேறிக்கொண்டிருக்கும் பவளத்துக்கு நாம் செய்யக்கூடியது மணலில் நங்கூரம், தொடாத கை, மூடிய கழிவுத்தொட்டி.

ஹார்ட் ரீஃபுக்கு நம்ம படகிலேயே போக முடியுமா?

முடியாது. அது வெளித்திட்டான ஹார்டி ரீஃபில் இருக்கிறது, வாடகைப் படகுகளின் எல்லைக்கு வெளியே. அதன் இதய வடிவம் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்பதால் சிறு விமானமோ ஹெலிகாப்டரோ எடுங்கள். வெளித்திட்டில் நீந்த ஆசையென்றால், பயணத்தின் முன்னோ பின்னோ ஒரு நாள் ஏர்லி பீச்சிலிருந்து பெரிய படகில் போய் வரலாம்.

நாளைக்கு 30 நாட் காற்று வரும்னு அறிவிப்பு. இன்றே ஊர் திரும்பணுமா?

பெரும்பாலும் வேண்டாம். நிறுவனத்தை ரேடியோவில் கேட்டு, இன்றைக்கே நாரா, மகோனா போன்ற ஒரு நல்ல மறைவுக்குப் போய்ச் சேருங்கள். கிழக்குப் பக்கம், அதாவது வைட்ஹேவன், அந்த நாட்களில் வேண்டாம். உயர்ந்த குன்றுகளுக்குக் கீழே நிற்கும்போது காற்று சரிவிலிருந்து திடீர் திடீரென்று விசையாக இறங்கும், படகு இங்குமங்கும் ஆடும். அதனால் சங்கிலியை இன்னும் கொஞ்சம் விடுங்கள், பக்கத்துப் படகிலிருந்து இன்னும் விலகி நில்லுங்கள்.

ராத்திரி நங்கூரம் இழுபட்டால் எப்படித் தெரியும்? என்ன செய்யணும்?

நிறுத்தியவுடன் கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பார்த்து வையுங்கள், இருட்டியும் தெரிவதாக இருந்தால் நல்லது. ஜி.பி.எஸ்.ஸில் நங்கூர அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள். ஓதம் திரும்பும் நேரத்துக்கு ஒருவர் எழுந்து பார்க்கட்டும், ஏனென்றால் படகு சுற்றி எதிர்ப்பக்கம் இழுக்கத் தொடங்குவது அப்போதுதான். படகு சுற்றுவதும் இழுபடுவதும் ஒன்றில்லை. நங்கூரத்தைச் சுற்றிச் சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் நகர்ந்தால் சுற்றுகிறது, வட்டத்தைத் தாண்டினால் இழுபடுகிறது.

இழுபட்டால் முதலில் இன்ஜினைப் போடுங்கள், எல்லோரையும் எழுப்புங்கள். பின்னால் இடம் இருந்தால் சங்கிலியை இன்னும் 10, 15 மீட்டர் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே பிடித்துக்கொள்ளும். பின்னால் பவளமோ வேறு படகோ இருந்தால் சங்கிலி விட வேண்டாம். இன்ஜினை முன்னே மெல்ல வைத்து இழுவையைக் குறைத்துக்கொண்டு, நங்கூரத்தை எடுத்து, மாலையில் பார்த்து வைத்த ஆழமான திறந்த மணலில் மறுபடி போடுங்கள். இருட்டில் புதிய வளைகுடா தேடிப் போகாதீர்கள். நிலைமை கைமீறினால் 16ஆம் சேனலில் அழைக்கத் தயங்காதீர்கள்.